கல் பொறுக்கிய துரை

அதிராம்பட்டினத்துப் பையன் மாங்காய் அடிக்க வேண்டுமென்றால் பெரும்பாடுதான். எறிவதற்குக் கல் கிடைக்காது. உடைந்த ஓட்டுச் சில்லைத்தான் தேட வேண்டும்.

காவிரி பாயும் சீமை முழுவதும் இதே கதைதான். தோண்டினால் வண்டல் வரும். இன்னும் தோண்டினால் மணல் வரும், களி வரும். பாறை வராது. வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. வானளாவ நிற்கிறதே தஞ்சைப் பெரிய கோயில், அதன் கற்களும் வெளியிலிருந்து வந்தவைதான்.

ஆனால் அதே பையன் வயலை விட்டு மேற்கே நடக்கட்டும். பட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால் பூமியின் நிறம் மாறுகிறது. கறுப்பு மறைந்து சிவப்பு வருகிறது. காலில் சரளை குத்துகிறது. நெல் குறைந்து முந்திரியும் சவுக்கும் தெரிகின்றன. இன்னும் மேற்கே புதுக்கோட்டைப் பக்கம் போனால் பெரிய பெரிய கரும்பாறைகள் தலை நீட்டுகின்றன.

ஒரே ஜில்லாவில், ஒரு நாள் வண்டிப் பயணத்துக்குள், பூமி ஏன் இப்படி மாற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, தஞ்சை ஜில்லாவின் தென்பகுதியையும் புதுக்கோட்டைச் சீமையையும் ஆராய்ந்து 1879-ம் வருஷம் எழுதி வைத்தவர் ஓர் இங்கிலீஷ்காரர். ராபர்ட் புரூஸ் பூட் என்பது அவர் பெயர்.

பாறையைப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதற்குத்தான் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. ஆனால் அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பது உத்தியோகத்தினால் அல்ல. ஓய்ந்த நேரத்தில் குனிந்து கல் பொறுக்கினாரே, அந்தப் பொழுதுபோக்கினால்தான். தமிழ்நாட்டில் மனிதன் எத்தனை காலமாக வாழ்கிறான் என்ற கேள்விக்கு முதல் முதலாகக் கையில் அத்தாட்சியைக் காட்டியவர் அவரே.

செத்தவர் இடத்துக்கு வந்தவர்

பூட் 1834-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ரெயில் பாதை போட ஆரம்பித்திருந்தார்கள். ரெயிலுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் இலாகா வேண்டும். அப்படித்தான் 1851-ல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா கல்கத்தாவில் தோன்றியது. தாமஸ் ஓல்டாம் என்பவர் அதன் தலைவர்.

1858-ல் பூட் அந்த இலாகாவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. அவர் சேர்ந்தது காலியாகிக் கிடந்த ஒரு பதவியில். அது ஏன் காலியானது? அதில் இருந்த இளம் உத்தியோகஸ்தர் வெயில் தாக்கி இறந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட வேலை அது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் காரியமல்ல. கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஓடைக்கரை, கிணற்று வெட்டு, சாலை ஓரத்துப் பள்ளம் என்று பூமி எங்கெல்லாம் வாய் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படத்தில் வர்ணம் பூசிக் குறிக்க வேண்டும். இன்ன இடத்தில் இன்ன பாறை என்று ஒரு ராஜதானி முழுவதுக்கும் படம் தயாராக வேண்டும்.

சென்னை ராஜதானியில் அவருக்கு வேலை. முன்னால் வந்தவர்கள் சிலர் ஏற்கெனவே வழி காட்டியிருந்தார்கள். அவர்களிலும் பொழுதுபோக்காக இதைச் செய்தவர்கள் உண்டு. கேய், கன்லிப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் 1840-ஐ ஒட்டி, திருச்சி ஜில்லாவிலும் விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களிலும் கல்லாய்ப் போன சிப்பிகளையும் சங்குகளையும் சேர்த்தார்கள். கடல் ஒரு காலத்தில் அரியலூர் வரை வந்திருந்தது என்பதற்கு அந்தச் சிப்பிகள் சாட்சி. அவர்கள் சேர்த்த மூட்டை லண்டனுக்குப் போய் அங்கே பண்டிதர்களை வியக்க வைத்தது.

தமிழ் வாசனை உள்ள வீடு

1862-ல் பூட் கலியாணம் செய்துகொண்டார். பெண் எலிசபெத். பெண்ணின் தகப்பனார் யார் என்று தெரிந்தால் தமிழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்தான் பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர் பெர்சிவல். பிறகு சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்து 6,000-க்கு மேல் அச்சிட்டார். சி. வை. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துப் பத்திரிகை வேலையில் அமர்த்தியவரும் அவரே.

மாமனார் தமிழ்நாட்டில் பழமொழி பொறுக்கினார். மருமகன் கல் பொறுக்கினார். நல்ல பொருத்தம்தான்.

பல்லாவரத்துப் பள்ளம்

அப்போது சீமையில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கத்திச் சண்டையல்ல, கருத்துச் சண்டை. மனிதன் பூமியில் தோன்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதைப் பற்றியது.

ஐரோப்பாவில் பெரும்பாலோர் மனிதன் தோன்றிச் சுமார் 6,000 வருஷம் என்று நம்பினார்கள். மத நூல்களிலிருந்து கூட்டிக் கழித்து வந்த கணக்கு அது. பிரான்ஸ் தேசத்தில் சோம் என்ற ஆற்றங்கரையில் சுங்க இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் இருந்தார். பூஷே தெ பெர்த் என்று பெயர். அவருக்கும் இதுதான் பொழுதுபோக்கு. சரளைக் குழிகளில், அழிந்துபோன பழைய மிருகங்களின் எலும்புகளோடு கூடவே, மனிதன் செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் கிடப்பதை அவர் கண்டார். பல வருஷங்கள் அவரை யாரும் மதிக்கவில்லை. கடைசியில் 1859-ல் இங்கிலாந்திலிருந்து நிபுணர்கள் வந்து குழியில் இறங்கிப் பார்த்து, அவர் சொல்வது மெய் என்று ஒப்புக்கொண்டார்கள். 6,000 வருஷக் கணக்கு ஆட்டம் கண்டது.

இந்தச் செய்தியைப் பூட் படித்திருந்தார். பிரான்சில் கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கக்கூடாது என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது. அதன்பின் எந்தச் சரளைப் பள்ளத்தைக் கண்டாலும் அவர் கண் சும்மா இருக்கவில்லை.

1863-ம் வருஷம் மே 30-ந் தேதி, சனிக்கிழமை. கத்திரி வெயில் கழிந்த சமயம். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானம் இருந்தது. அங்கே சரளை வெட்டி எடுத்த, ஆழமில்லாத ஒரு பள்ளம். அந்தச் செம்மண் சரளைக்கு நடுவில் ஒரு கல்லைப் பூட் கண்டார். எடுத்துப் பார்த்தார்.

அது மற்றக் கற்களைப் போல் உருண்டு திரண்டு இல்லை. ஓரங்களில் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்த தழும்புகள் இருந்தன. மனிதன் கை பட்ட கல்!

இந்தியாவில் பழைய கற்கால ஆயுதம் ஒன்று இன்னதென்று அடையாளம் கண்டு எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தக் கல்லை எத்தனையோ பேர் அதற்கு முன் மிதித்திருப்பார்கள். பட்டாளத்துச் சிப்பாய்கள் தினம் அதைச் சுற்றி நடந்திருப்பார்கள். சரளை வெட்டிய கூலியாட்களின் கூடையில் அதைப் போன்ற கற்கள் எத்தனை போயிற்றோ, எந்தச் சாலையில் கொட்டப்பட்டதோ! பார்க்க வேண்டும் என்று தேடுகிற கண்ணுக்கு மட்டுமே அது அகப்பட்டது. அப்போது பூட்டுக்கு வயது 28.

பல்லாவரத்துக் கல்லுக்கு இன்னொரு கியாதியும் உண்டு. கல்கத்தா நகரத்துக்கு அடி கோலியவர் என்று பேர் பெற்ற ஜாப் சார்னாக்கின் சமாதியில் உள்ள கல், இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையிலிருந்து போனதுதான். அந்தப் பாறை வகைக்கே பிற்காலத்தில் சார்னாக்கைட் என்று பெயர் வந்துவிட்டது.

அதிராம்பட்டினம் அல்ல, அத்திரம்பாக்கம்

ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது தற்செயலாக அப்படி உடைந்திருக்கலாம் என்று எவரும் சொல்லிவிடலாம். இன்னும் வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ந் தேதி, பூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங் என்பவரும் சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அத்திரம்பாக்கம் என்ற கிராமத்துக்குப் போனார்கள். கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். இப்போது திருவள்ளூர் ஜில்லா. பெயரைக் கேட்டு நம் தஞ்சை ஜில்லா அதிராம்பட்டினத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அது கடற்கரைப் பட்டினம். உப்பளமும் மீனும் வியாபாரமும் உள்ள இடம். இது உள்நாட்டுக் குக்கிராமம்.

அத்திரம்பாக்கத்து ஓடை பூமியை அறுத்துக்கொண்டு போகிறது. அறுத்த கரையில் மண் அடுக்கடுக்காகத் தெரிகிறது. அந்த அடுக்குகளில் செதுக்கிய கற்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, ஏராளமாகக் கிடந்தன. கைக்கோடரிகள், வெட்டுக் கத்திகள் போன்றவை, சில்லுகள்.

பிரான்சில் கிடைத்தவை சிக்கிமுக்கிக் கல்லில் செய்தவை. நம் பக்கத்தில் அந்தக் கல் கிடையாது. ஆகவே இங்கே இருந்த மனிதன், அருகில் அல்லிக்குழி மலைப் பக்கத்தில் கிடைத்த குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல்லை எடுத்தான். கூழாங்கல்லை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கல்லால் ஓரத்தில் ஓங்கித் தட்டினால் சில்லு தெறிக்கும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லில் சிறு புடைப்பு ஒன்று உண்டாகும். தெறித்த இடத்தில் கிண்ணம் போன்ற பள்ளம் விழும். இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினால் பேரிக்காய் வடிவத்தில் கூரான ஓர் ஆயுதம் கிடைக்கும். தானாக உருண்டு உடைகிற கல்லில் இந்த ஒழுங்கு வராது. இதை வைத்துத்தான் மனிதன் செதுக்கியதா, ஆறு உடைத்ததா என்று தீர்மானிக்கிறார்கள். எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்ட, தோலை உரிக்க, மரத்தைச் சீவ, கிழங்கு தோண்ட என்று பல வேலைக்கும் அந்தக் காலத்து மனிதனுக்கு அது ஒன்றே கருவி.

பூட் அவசரப்படவில்லை. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கல்லோடு எது கிடந்தது என்று எழுதி வைத்தார். படம் வரைந்தார். நன்றாகப் படம் வரையும் கை அவருக்கு. 1866-ல் சென்னையில் வெளிவந்த ஆராய்ச்சிப் பத்திரிகையில் படங்களோடு முழு விவரமும் எழுதினார். 1868-ல் லண்டன் பூகர்ப்ப சங்கத்தின் பத்திரிகையில் கட்டுரை வந்தது. 1873-ல் ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்துப் பொருட்காட்சியில் சென்னைக் கற்கள் வைக்கப்பட்டன. நம் ஊர்ச் செம்மண்ணில் கிடந்தவை சீமை அலமாரியில் ஏறின.

ஆனால் ஒன்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. இந்தக் கற்கள் எத்தனை வருஷத்துப் பழமை? மிகவும் பழையவை என்பது திண்ணம். எண் சொல்ல வழியில்லை. அந்தக் காலத்தில் கல்லின் வயதை அளக்கக் கருவியே கிடையாது. ஆயுள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்த கேள்வி இது.

குடும்பமும் கூடாரமும்

பூகர்ப்ப இலாகாக்காரருக்கு வீட்டில் இருக்கும் நாள் குறைவு. மழை ஓய்ந்ததும் கிளம்பினால் வெயில் முற்றும் வரை வெளியூர்தான். அந்த வாழ்க்கையின் நடுவில் எலிசபெத் இளம் வயதிலேயே குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். சில வருஷங்களுக்குப் பின் பூட் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவியின் தகப்பனாரோடு உறவு அறுந்துபோகவில்லை. இருவரையுமே கடைசியில் ஏற்காட்டு மலை இழுத்துக்கொண்டது.

ராஜதானியின் வட கோடியிலிருந்து தென் கோடி வரை பூட்டின் கால் படாத ஜில்லா அநேகமாக இல்லை. தக்ஷிண மராட்டா தேசம், கர்நூல், பல்லாரி, மதுரை, திருநெல்வேலி என்று அவர் எழுதிய அறிக்கைகளை அடுக்கினால் ஒரு மேஜை நிறையும். இலாகாவுக்கு வேண்டியது பாறையும் தாதுப்பொருளும்தான். செதுக்கிய கல்லும் பானை ஓடும் அவர் சொந்த ஆசை. அவற்றைச் சேர்ப்பதும் கட்டுவதும் சுமப்பதும் அவர் சொந்தப் பொறுப்பு. வழியில் போகும்போதே பொறுக்கினார். 400-க்கு மேற்பட்ட இடங்களில் பொறுக்கினார்.

தஞ்சைக்குத் தெற்கே

1870-களின் பிற்பகுதியில் அவர் வேலை நம் பக்கம் திரும்பியது. மதுரை ஜில்லாவின் வடபகுதி, புதுக்கோட்டை, தஞ்சை திருச்சி ஜில்லாக்களின் தென்பகுதி ஆகியவற்றை ஒன்றாகப் பார்த்தார். இங்கே பூமியின் சரித்திரம் மேற்கிலிருந்து கிழக்கே புஸ்தகத்தைப் புரட்டுவது போல் வரிசையாக இருக்கிறது.

புதுக்கோட்டைக்கு மேற்கே தெரியும் கரும்பாறை மிகப் பழையது. உயிர்கள் தோன்றிப் பெருகுவதற்கு முந்தைய காலத்தது. அதை மூடிக்கொண்டு கிழக்கே செம்புறைக்கல் மேடு வருகிறது. வல்லம் பக்கத்திலும் பட்டுக்கோட்டைக்கு மேற்கிலும் பார்க்கிறோமே, அதுதான். மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கினால் பாறையிலுள்ள மற்றச் சத்துக்கள் கரைந்து போய் இரும்புத் துரு மிஞ்சுகிறது. அதனால்தான் சிவப்பு. வெட்டும்போது மெதுவாக இருக்கும். காற்றுப் பட்டால் இறுகிவிடும். அதற்கும் கிழக்கே காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கடைசியில் அதிராம்பட்டினத்துச் சேற்றுக் கரையும் முத்துப்பேட்டைச் சதுப்பும் வேதாரணியத்து மணல் மேடுகளும். பழைய கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப்போன வரிகள் அந்த மணல் மேடுகள். தண்ணீர் தேங்காத மேட்டில் ஊர் அமைந்தது. ஊரை ஒட்டி வழி போயிற்று. வேதாரணியத்துப் பக்கம் வண்டித் தடம் வளைந்து போகிற இடங்களில், பழைய கடற்கரைதான் அதை வளைத்தது.

வண்டலுக்கு அடியில் பாறையே இல்லையா என்றால், இருக்கிறது. மிக மிக ஆழத்தில். இடையில் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்கு மண்ணும் மணற்கல்லும் படிந்திருக்கின்றன. நரிமணத்தில் பெட்ரோல் எண்ணெய் எடுப்பது அந்தப் படிவத்திலிருந்துதான். இதெல்லாம் பூட் காலத்துக்கு வெகு பின்னால் தெரிந்தது.

ராமேசுவரத்துப் பவளப் பாறையைப் பற்றியும் அவர் எழுதினார். பவளப் பூச்சி கடலுக்குள்தான் வாழும். ஆனால் ராமேசுவரத்தில் செத்த பவளப் பாறை தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அப்படியானால் கரையும் கடலும் என்றும் ஒரே மட்டத்தில் இருந்ததில்லை. இன்றைய ஆராய்ச்சி இதை இன்னும் விரித்துச் சொல்கிறது. சுமார் 20,000 வருஷங்களுக்கு முன், பனி உலகத்தை மூடியிருந்தபோது, கடல் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அதிராம்பட்டினத்துக்கு எதிரே இப்போது தோணி போகும் பாக் ஜலசந்தி அன்று வறண்ட தரை. நடந்தே இலங்கைக்குப் போகலாம்.

மறந்துபோன அலை

பூட்டின் இலாகாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பூகம்பங்களைக் கணக்கு எடுப்பது. தலைவர் ஓல்டாம் இந்தியாவில் நடந்த பூகம்பங்களை எல்லாம் பழைய நூல்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் திரட்டி ஒரு ஜாபிதா தயாரித்தார். அவர் இறந்தபின் 1883-ல் அது அச்சாயிற்று. அவருடைய மகன் ரிச்சர்டு ஓல்டாமும் இதே இலாகாவில் சேர்ந்து, பூகம்ப ஆராய்ச்சியில் தகப்பனாரை மிஞ்சினார். பூமியின் நடுவில் தனியாக ஒரு கரு இருக்கிறது என்று 1906-ல் காட்டியவர் அவர்தான்.

1881-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி காலை, கார்நிகோபார் தீவை ஒட்டிக் கடலுக்கடியில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. இக்காலக் கணக்கில் அதன் அளவு 7.9. சென்னையில் அதிர்ச்சி தெரிந்தது. சில மணி நேரத்துக்குப் பிறகு நாகப்பட்டினம் துறைமுகத்தில் கடல் மட்டம் அளக்கும் கருவி திடீரென்று துள்ளியது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் ஏறி இறங்கியதை அது காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியது. ரிச்சர்டு ஓல்டாம் இதை ஆராய்ந்து இலாகாப் பத்திரிகையில் எழுதினார். சுமத்ரா, அந்தமான் பக்கம் பூமி அசைந்தால் நாகைக்கு அலை வரும் என்பது அன்றே ஏட்டில் ஏறிவிட்டது.

ஏட்டில் ஏறியது ஏட்டிலேயே இருந்தது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுமத்ரா பக்கம் பூமி நடுங்கியபோது, அலை கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரையில் யாருக்கும் எச்சரிக்கை இல்லை. நாகை ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால் அதிராம்பட்டினம் பக்கத்தில் அலையின் கொடுமை குறைந்தது. அந்தப் பழைய கோட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் என்ற ஏக்கம் இன்றும் மனத்தை அறுக்கிறது.

குகையும் சாம்பல் மேடும்

கர்நூல் பக்கத்தில் பில்லசுர்க்கம் என்ற குகைகள் உண்டு. குகைக்குள் ஆதி மனிதனின் எலும்பு கிடைக்குமா என்று பார்க்கும்படி இங்கிலாந்திலிருந்து ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி யோசனை சொன்னார். சென்னைக் கவர்னர் கிராண்ட் டப் அதை ஏற்று 1880-களில் பூட்டை அனுப்பினார். பூட் ஆரம்பித்த வேலையை அவர் மகன், பட்டாளத்து அதிகாரியான ஹென்றி, தொடர்ந்து செய்தார். காண்டாமிருகம் முதலிய மிருகங்களின் எலும்புகள் வந்தன. இன்று அந்தப் பக்கம் காண்டாமிருகம் ஏது? எதிர்பார்த்த மனித எலும்பு மட்டும் மனம் நிறையக் கிடைக்கவில்லை.

பல்லாரிப் பக்கத்தில் ஆங்காங்கே பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஜனங்கள் அவற்றுக்குப் புராணக் கதை சொல்வார்கள். ஹம்பி பக்கத்திலுள்ள ஒரு மேட்டை வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் எரிமலைச் சாம்பல் என்றும், சிலர் சூளை என்றும் சொன்னார்கள். பூட் கிளறிப் பார்த்தார். புதிய கற்காலத்துப் பானை ஓடுகளும் வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகளும் இருந்தன. மாட்டுச் சாணம் மலை போல் குவிந்து எரிந்த சாம்பல் அது என்று அவர் முடிவு கட்டினார். எத்தனையோ பேர் ஒப்பவில்லை. 1950-களில் ஆல்ச்சின் என்ற அறிஞர் ஊட்னூர் மேட்டைத் தோண்டியபோது, மாட்டுப்பட்டியின் வேலிக்கால் குழிகளும் மாட்டின் குளம்படிகளும் தெரிந்தன. எருமுட்டை தட்டுகிற நம் ஊர்ப் பெண்களைக் கேட்டிருந்தால் அந்தச் சாம்பலை முகர்ந்தே சொல்லியிருப்பார்கள் போலும்!

திருநெல்வேலியில் சிவப்பு மணல் தேரிகளையும் சாயர்புரம் பக்கத்தில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளையும் அவர் குறித்தார். கோலார் தங்கம் விளைந்த பாறை வரிசைக்குத் தார்வார் என்று பெயரிட்டவரும் அவர்தான். தங்க வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பெயர் மந்திரமாயிற்று.

ஏற்காட்டில்

1891-ல் பூட் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றார். 33 வருஷ உழைப்பு. ஊருக்குக் கப்பலேறிப் போகவில்லை. பரோடா சமஸ்தானத்துக்காகப் பாறை ஆராய்ந்தார். குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையிலும் பழைய கற்கால ஆயுதம் எடுத்தார். மைசூர் சமஸ்தானத்துக்கும் வேலை செய்தார். சேலத்துக்கு மேலே ஏற்காட்டில் வீடு. மாமனார் பெர்சிவல் 1882-ல் கண் மூடியதும் அந்த மலையில்தான்.

வீடு முழுவதும் கல். நாற்பது வருஷத்துச் சேகரம் அது. பார்ப்பவர்களுக்கு வெறும் கல். அவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரும் ஓர் ஓடையும் ஒரு நாளும் உண்டு. தனக்குப் பின் இது என்ன ஆகும்? பிள்ளைகள் வைத்துக் காப்பாற்றுவார்களா? சீமைக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைத்திருக்கக்கூடும். 1904-ல் சென்னை மியூசியமே விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. கற்கள் பிறந்த ராஜதானியிலேயே தங்கின.

கல்லை மட்டும் கொடுத்தால் போதாது. எது எங்கே கிடைத்தது என்ற விவரம் இல்லாவிட்டால் அது மறுபடியும் வெறும் கல்தான். எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு, ஜாபிதா எழுதினார். எழுதியது அச்சேறிப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். உடலைத் தகனம் செய்தார்கள். சாம்பலை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து ஹோலி டிரினிட்டி மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். ஜாபிதா 1914-லும், அதற்கு அவர் எழுதிய விளக்கம் 1916-லும் வெளிவந்தன.

அவருக்குப் பின் ஓர் அதிசயம் நடந்தது. வெள்ளைக்காரர் மட்டுமே தலைமை வகித்த அந்தப் பூகர்ப்ப இலாகாவுக்கு 1951-ல் முதல் இந்தியத் தலைவர் வந்தார். மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். கல்லே இல்லாத நம் தஞ்சைச் சீமையில் பிறந்தவர்! பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாய்ப் போன பெருமரம் கிடப்பதை 1940-ல் உலகுக்குச் சொன்னவர் அவரே.

பூட்டால் சொல்ல முடியாமல் போன அந்த எண்ணும் கடைசியில் கிடைத்தது. சாந்தி பப்பு என்ற பெண்மணி தலைமையில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் மீண்டும் தோண்டினார்கள். மண்ணுக்குள் புதைந்த கல் எத்தனை காலமாக வெளிச்சம் காணாமல் கிடக்கிறது என்று அளக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. 2011-ல் முடிவு வெளியாயிற்று. அடியிலுள்ள கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம் வருஷம். சராசரி சுமார் 15 லட்சம் வருஷம். மேல் அடுக்கிலுள்ள சிறிய கருவிகள் சுமார் 3,85,000 வருஷம் பழமை என்று 2018-ல் தெரிந்தது.

எழும்பூர் மியூசியத்தைச் சென்னைவாசிகள் செத்த காலேஜ் என்று அழைப்பதுண்டு. பாடம் செய்த மிருகங்களையும் திமிங்கல எலும்பையும் பார்க்கக் குழந்தைகள் ஓடுவார்கள். பூட் பொறுக்கிய கற்கள் அங்கேதான், கண்ணாடிக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில், வரிசையாக இருக்கின்றன.